உப்புத்தாளும் சைகோன் காரும்

எங்கள் வீட்டுக் கார் ஓடியதைவிடக் குளித்ததுதான் அதிகம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் வரைக்கும் ஒரு நடை, திரும்பி வர ஒரு நடை. மற்ற நாளெல்லாம் குளியல்தான். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் வாப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் வாளியை விடுவார். கூரையிலிருந்து சக்கரம் வரை ஊற்றி, தேய்த்து, துடைத்து, மறுபடியும் ஊற்றுவார். நான் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஒரு குளியல் வாய்த்ததில்லை.

"உப்புக்காத்து, புள்ளை. ராப்பூரா கடல்லேருந்து வந்து படிஞ்சிருக்கும். கழுவி விட்டாத்தான் வண்டி நிக்கும்" என்பார்.

"வண்டி நிக்கும் வாப்பா. கெணத்துல தண்ணிதான் நிக்காது" என்பேன் நான் அடுப்படியிலிருந்து. அவர் காதில் விழாது. விழுந்தாலும் விழாது.

வாப்பா சைகோனில் முப்பது வருஷம் துணிக்கடை வைத்திருந்தவர். காரைக்காலில் அப்போது எங்கள் தெருவிலேயே அந்த ஊர்ச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகள் உண்டு. வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில், ஒரு தடவை ஊருக்கு வந்தபோது இந்தப் பிரெஞ்சுக் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். எழுபத்தைந்தில் யுத்தம் முடிந்து அந்த ஊர் கைமாறியபோது ஒரே ஒரு தோல்பையோடு வந்து இறங்கினார். கடை போச்சு, சரக்கு போச்சு. உம்மா அதற்கு முந்தியே மௌத்தாகி அடக்கமாகியிருந்தார். எங்கள் வழக்கத்தில் வீடு மகளுக்கு. ஆகவே வாப்பா என் வீட்டில், என்னைக் கட்டிய மாப்பிள்ளை குவைத்தில், கார் கொல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகையில். சைகோனைப் பற்றி வாப்பா வாயே திறக்கமாட்டார். யாராவது கேட்டால், "நல்ல ஊரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அந்த முப்பது வருஷத்துக்கு மிச்சம் என்று அவரிடம் இருந்தது இந்தக் கார் ஒன்றுதான். என் வாய் எவ்வளவு நீளமானாலும் வாளியை நான் ஒளித்து வைக்காததற்குக் காரணம் அதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவிலிருந்து வந்து இறங்கிய வாப்பா, கார்க் கதவைச் சாத்தினார். வழக்கமான சத்தத்தோடு கூடவே முறுக்கைக் கடித்தாற்போல இன்னொரு சத்தமும் கேட்டது. கதவின் அடி விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு உதிர்ந்து மண்ணில் கிடந்தது. வாப்பா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கறி ஆக்கியிருந்தேன். தட்டைத் தொடவில்லை. மறுநாள் காலையில் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கவில்லை. தினமும் அந்தச் சத்தத்தைத் திட்டியவள் நான்தான். அது நின்றுபோனதும் வாளி இருக்கிறதா என்று நானே கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன்.

தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை. "பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடுங்க, வேற எதுக்கு ஆவும்?" என்றார் ஒருத்தர். அவர் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம் போனதே இந்தக் காரில்தான்! எனக்கு வந்ததே கோபம். பக்கத்தில் நெரவியில் ஒரு டிங்கர் இருக்கிறார், தகட்டை வெட்டி ஒட்டித் தட்டி, மோதி நசுங்கிய பஸ்ஸுக்கே முகம் திருத்திக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டு அன்றைக்கே ஆள் அனுப்பினேன்.

வந்தது மனிதரா, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியா என்று எனக்குச் சந்தேகம். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "என் கை படாத வண்டி இந்தப் பக்கத்துலயே கெடையாதுக்கா. கும்பகோணத்துலேருந்து தேடிக்கிட்டு வராங்க. நான்தான் போறதில்ல." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "வாய் வேலை இருக்கட்டும் அண்ணே, கை வேலையைப் பாருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே காரின் மேல் கை வைத்தார். வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது.

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். கூரை டங்கென்றது. கதவின் மேற்பாதியும் டங். பாதிக்குக் கீழே தட்டினால் தொப்பென்று ஊறிப்போன பலகையின் சத்தம். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். வெந்த கொழுக்கட்டையில் இறங்குவது போல் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாப்பா தன்னையே குத்தினாற்போல் முகத்தைச் சுளித்தார்.

"பொழைக்குமா தம்பி?"

"பொழைக்க வச்சிடலாம் பாய். ஆனா நோவு உள்ளேருந்து வந்திருக்கு. வெளியில பெயிண்ட்டு என்னமோ மாப்பிள்ளை மாதிரி மினுமினுங்குது. மொதல்ல உப்புத்தாளைப் போட்டு பூராத்தையும் தேய்ச்சு எடுத்துடுறேன்."

வாப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன தாளு?"

"உப்புத்தாள் பாய்."

"உப்பா! ஏம்பா, இத்தனை வருசமா ஒரு பொட்டு உப்பு ஒட்டக் கூடாதுன்னு காவல் காத்துக்கிட்டு இருக்கேன். நீ தாள்ல தடவிக் கொண்டாந்து தேய்க்கிறேங்கிறியே! எடு சைக்கிளை!"

வாப்பா வாழ்நாளெல்லாம் துணிக்கடையில் இருந்தவர். மரத்தையும் இரும்பையும் தேய்க்கிற அந்தச் சொரசொரப்புக் காகிதத்தின் பெயர் அவர் காதில் விழுந்ததே இல்லை. டிங்கர் பையிலிருந்து ஒரு தாளை உருவி, "நாக்குல வச்சுப் பாருங்க பாய்" என்று நீட்டினார். என் வாப்பா, ஊரே மரியாதை கொடுக்கும் மனிதர், கொல்லையில் நின்றுகொண்டு அதை நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தார்.

"உப்பே இல்லியே. மண்ணுல்ல இருக்கு."

"பேருதான் பாய் உப்பு. பொடி உப்பு மாதிரி இருக்கறதால அப்படிச் சொல்றது."

நான் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவிவிட்டது. வாப்பாவும் சிரித்தார். கதவு உதிர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

மறுநாள் டிங்கர் கதவைக் கழற்றிச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார். வாப்பா மத்தியான லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். உள்பக்கத்து அட்டையை எடுத்ததும் கதவின் வயிற்றுக்குள்ளிருந்து செம்மண்ணாகக் கொட்டியது. மண் இல்லை, இரும்பு. இரும்பே மண்ணாகிவிட்டிருந்தது. கையில் அள்ளினேன். கனமே இல்லை. இதுவா இத்தனை நாளும் அந்தக் கனத்த கதவாக இருந்தது என்று எனக்கு நம்ப முடியவில்லை.

டிங்கர் அடி விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ பிசுக்கென்று வந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு ஆரம்பித்தாரே பார்க்கணும்! "எந்த முட்டாப்பயக்கா இந்த வேலை பார்த்தான்? கண்ணாடி எறங்குற சந்து வழியா கதவுக்குள்ள தண்ணி எறங்கும். அது வடியத்தான் அடியில ஓட்டை வச்சிருக்கான் கம்பெனிக்காரன். அத்தனை ஓட்டையையும் மெழுகை உருக்கி ஊத்தி அடைச்சிருக்கான் பாருங்க! ஊத்துன தண்ணி பூரா உள்ளயே தங்கிப் போச்சு. அதுவும் இந்தக் கெணத்துத் தண்ணி." வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தவர் தூவென்று துப்பினார். "கடலுக்கு இது தங்கச்சிக்கா!"

அந்த முட்டாப்பயல் யாரென்று எனக்குத் தெரியும். ஊருக்கு வந்த புதிதில் வாப்பா கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். "உப்புக்காத்து பூந்துக்கிட்டு போவக் கூடாதுல்ல, அதான்" என்று சொன்னார். தினமும் ஊற்றிய தண்ணீரும் உப்பு, அது வெளியே போகும் வழியையும் அவரே அடைத்திருந்தார். காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கடைசியாக மிஞ்சிய ஒன்றையும் தன் கையாலேயே துருவுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்டால் அந்த மனிதர் என்ன ஆவார்?

"அண்ணே, உங்க காலைப் புடிச்சுக் கேட்டுக்கறேன். இது வாப்பாவுக்குத் தெரியக் கூடாது" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் சுத்தியலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சொல்லலக்கா. ஆனா நான் திரும்ப ஓட்டை போட்டுத்தான் ஆவணும். அவரு திரும்ப அடைச்சார்னா, ரெண்டு மழைக்கு அப்புறம் என்னைக் கூப்புடாதீங்க. பழைய இரும்புக்காரனைத்தான் கூப்புடணும்."

சொன்னால் வாப்பா நொறுங்கிப்போவார், சொல்லாவிட்டால் கார் நொறுங்கிப்போகும். இரண்டில் எது என்று அந்தக் கொல்லையில் நின்று நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும்.

வேலை நடந்தது. அதை எப்படிச் சொல்வேன்! அதற்கு முன் இரும்பு என்றால் எனக்கு அரிவாள்மணையும் தோசைக்கல்லும்தான். இரும்பு கறுப்பு என்றே நினைத்திருந்தேன். உப்புத்தாள் போகப் போக, மேலே இருந்த கறுப்புச் சாயம் போய், அதன் கீழே சாம்பல் நிறம் போய், அதற்கும் கீழே கொழுந்து வெற்றிலை நிறத்தில் ஒரு பச்சை வந்தது. "வாங்குனப்ப இந்தக் கலர்தான்" என்றார் வாப்பா மெதுவாக. அதுவும் போனபின் உள்ளே வெள்ளிக் கிண்ணம் போல வெளுத்த இரும்பு. என் முகம் அதில் தெரிந்தது. சுப்ஹானல்லாஹ், இவ்வளவு அழகை உள்ளே வைத்துக்கொண்டா இது இத்தனை வருஷம் நின்றது என்று வாய்விட்டே சொன்னேன்.

அங்கேதான் டிங்கருக்குச் சறுக்கியது. அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மத்தியானக் கடல்காற்று எழுந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளுப்பு மங்கியது. ஓரத்தில் மஞ்சள்தூள் தூவினாற்போல் ஒரு பூப்பு. அது நடுவுக்கு வந்தது. பிறகு கதவு முழுக்கக் காவி பூத்துவிட்டது. யாரும் தொடவில்லை, யாரும் எதுவும் ஊற்றவில்லை. வெறும் காற்று! வாப்பாவுக்குக் கிறுக்கு என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அவர் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

டிங்கர் சோற்றுக் கையோடு ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். வாப்பா நாற்காலியில் இருந்தபடியே, "நான்தான் அப்பவே சொன்னேனே, உப்புத்தாளு!" என்றார்.

மறுபடி தேய்த்துக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும் என்றார் டிங்கர். நல்ல தண்ணீர் என்றால் காலையில் தெருக்குழாயில் வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு மல்லுக்கட்டிப் பிடித்து வைத்த குடிதண்ணீர். "குடிக்கிற தண்ணியைத் தூக்கி வண்டிக்கு ஊத்துவனா?" என்று கத்தினேன். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்க்கா. ஒங்க கதவு எவ்வளவு தின்னுருக்கு பாருங்க" என்றார். வாய்க்காரர், சமயத்துக்கு வந்து விழும். இரண்டு குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

உதிர்ந்த இடத்துக்கு ஒரு பழைய பஸ்ஸின் கூரைத் தகடு வந்தது. செய்தித்தாளை விரித்து, நான் ரவிக்கைக்கு வெட்டுவது போலவே அளவு வெட்டி, தகட்டில் வைத்துக் கோடு கிழித்தார். கார்பைட் போட்ட டிரம்மிலிருந்து குழாய் வழியாக வாயு வந்தது. கொல்லை முழுக்க வெள்ளைப்பூண்டு நாற்றம். நெருப்பு நீலமாக ஊசி போல் கூர்ந்ததும், பழைய தகடும் புதுத் தகடும் விளிம்பில் சிவந்து, கண்ணீர்த் துளியாய்த் திரண்டு, ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலந்தன. சைகோன் இரும்பும் நம்மூர் பஸ்ஸின் இரும்பும்! எது எங்கே முடிகிறது என்று அப்புறம் எத்தனை தேடியும் எனக்குத் தெரியவில்லை.

சூட்டில் தகடு அங்கங்கே அப்பளம் போல் உப்பியது. தட்டித் தட்டி அமுக்குவார் என்று பார்த்தால், உப்பின இடத்தை மேலும் சுட்டுச் சிவக்க வைத்து, நாலு தட்டுத் தட்டி, ஈரத்துணியைச் சுரீரென்று வைத்தார். உப்பல் அடங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு என்னிடம் ஒரு பழைய வாயில் சேலைத் துணி, மெல்லிசாக, கேட்டார். அதைத் தகட்டின் மேல் போட்டு, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினார். "கை காய்ச்சுப் போச்சுக்கா. துணிக்கு மேல தடவுனாத்தான் மேடு பள்ளம் தெரியும். நீங்களும் பாருங்க." தடவிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒரு கடுகு அளவு மேடு என் கையில் நின்றது. அந்த நேரம் எனக்கு ஏதோ புதுக் கண் கிடைத்தாற்போல் இருந்தது.

துருவுக்குக் காவல் போட்டதுதான் கூத்து. உள்ளும் புறமும் ரெட் ஆக்சைடு என்ற காவிச் சாயத்தை அடித்துக் காயவிட்டு, கருக்களாச்சேரி மீனவர்களிடமிருந்து ஒரு தகரம் மீன் எண்ணெய் கொண்டுவந்தார். படகுக்குப் பூசுவது. "கடல்லயே கெடக்குற மீனோட எண்ணெய்க்கா. உப்புக்கு அது பயப்படுமா?" கதவுக்குள் ஊற்றி, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல் இப்படியும் அப்படியும் சாய்த்தார். எண்ணெய் மடிப்புக்கு மடிப்பு ஏறி, அவர் அடியில் புதிதாகப் போட்ட ஓட்டைகள் வழியாகச் சொட்டியது. ஒரு மூலை விடாமல் தானே தேடிப் போய் நனைத்தது. நாற்றமோ, சொல்ல முடியாது. தெருப் பூனைகள் அத்தனையும் வந்து காரைச் சுற்றி ஜமாஅத் கூடி உட்கார்ந்துவிட்டன. பெயிண்ட் அடித்து முடித்து, அந்தக் கொழுந்துப் பச்சையில் கார் நின்றபோதும் இரண்டு பூனைகள் போகவே இல்லை.

வாப்பா கதவைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து அடி விளிம்பையும் விரலால் தடவினார். விரல் ஒரு ஓட்டையில் நின்றது. நான் டிங்கரைப் பார்த்தேன்.

"காத்து போறதுக்கு பாய்" என்றார் டிங்கர். "இப்ப வர்ற புது மாடல் எல்லாத்துலயும் உண்டு." அவர் வாழ்க்கையில் பேசிய ஆகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"ம்" என்றார் வாப்பா.

அந்த 'ம்'மை நான் நம்பவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் வீட்டில் இருந்த மெழுகுவர்த்திகளை எல்லாம் பொறுக்கி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். கடைக்காரரிடமும் சொல்லி வைத்தேன், வாப்பா வந்து கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்று.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, சுபுஹுக்குப் போன வாப்பா திரும்பி வந்த சத்தம் கேட்டது, ஆனால் ஆளைக் காணோம். கொல்லைக் கதவைத் திறந்தேன். கீற்றுக் கொட்டகை ஒழுகிக் காரின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாப்பா கதவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஒரு மெழுகுவர்த்தி.

"வாப்பா! வேணாம்!" என்று நனைந்துகொண்டே ஓடினேன். "அதை அடைக்காதீங்க, அது வந்து, புது மாடல்ல..."

"அடைக்க வரல புள்ளை. இருட்டா இருந்துச்சு, வெளிச்சத்துக்கு எடுத்தேன். பாரு."

பார்த்தேன். புது ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து மண்ணில் சின்னச் சின்னக் குழி பறித்திருந்தது.

வாப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். அன்றைக்குப் பொறுக்கிய துருத் துண்டுகள். அவற்றில் ஒன்றில் வெள்ளையாக மெழுகு ஒட்டியிருந்தது.

"அன்னைக்கே தெரியும்" என்றார். "நீயும் அந்தத் தம்பியும் படாத பாடுபட்டு மறைச்சீங்க. அவன் வாயை மூடிக்கிட்டு இருந்ததைப் பாத்தே எனக்குப் பாவமாப் போச்சு. கெடுக்க மனசு வரல."

நான் ஈர மண்ணிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"கடையையும் அப்படித்தான் புள்ளை பூட்டிட்டு வந்தேன்" என்றார். "அத்தனை சன்னலையும் அடைச்சு, சந்துல துணியத் திணிச்சு. சரக்குல தூசி படியக் கூடாதுன்னு. நாம திரும்பி வருவோம்ல, வந்து தொறந்தா எல்லாம் அப்படியே இருக்கணும்ல. சாவி இன்னும் தோல்பையிலதான் கெடக்கு." அப்புறம் கடையின் வாசல் எந்தப் பக்கம், எதிரே என்ன மரம், பட்டு வாங்க யார் யார் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அழுதார். அந்த ஊரிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து என் வாப்பா அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தால்தான் என்ன?

மழை விட்டது. கதவு மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்தார்.

"இந்தா, கரண்டு போனா ஏத்து. பானையில ஒளிச்சு வச்சிருக்கியே, அதையெல்லாம் வெளிய எடு. இதுவும் அங்கேருந்துதான் எடுத்தேன். ஒரு வாரமா சோத்துல மெழுகு நாறுது."